நான் எழுதிக் கொடுத்த பேரன்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் காரைக்குடியில் எனக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. இவ்வூர்க் கல்லூரியில் வணிகவியல் பயிற்றுவித்து, துறைத் தலைவராக ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான நகரக் கோயிலுக்கு இரு முறை காரியக்காரராக இருந்து நிர்வாகம் பார்த்திருக்கிறேன். இரு முறையும் பங்காளிகளே என்னை அழைத்தார்கள்; நான் கேட்டுப் போகவில்லை. பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினைச் சிக்கல் வந்தால் வக்கீலிடம் போவதற்கு முன் என் வீட்டுக்கு வருவார்கள். நான் சொன்னதை எவரும் எழுதி வாங்கிக்கொண்டதில்லை. நான் சொன்னால் அது போதுமானதாக இருந்தது.

கல்லூரியில் நான் விரும்பி நடத்திய பாடம் காப்பீட்டுக் கோட்பாடுகள். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்: மற்ற ஒப்பந்தங்களில் வாங்குகிறவன்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், காப்பீட்டில் மட்டும் இரு தரப்பாரும் தமக்குத் தெரிந்த முக்கியமான உண்மைகளைத் தாமாகவே முன்வந்து சொல்ல வேண்டும். உச்ச நல்லெண்ணம் என்று அதற்குப் பெயர். ஒன்றை மறைத்தால் ஒப்பந்தமே செல்லாது. இருப்பதை மறைப்பதைப் பற்றித்தான் அத்தனை ஆண்டுகளும் பேசினேன். இல்லாததை இருப்பதாகச் சொன்னால் என்ன ஆகும் என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை.

எனக்கு ஒரே மகன். சென்னையில் வேலை பார்க்கிறான். மருமகள் ஒக்கூர்ப் பெண். அவளும் படித்தவள், சென்னையிலேயே ஒரு நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறாள். திருமணமாகி எட்டு ஆண்டுகள் முடிந்தும் குழந்தை இல்லை. எங்களவர்களில் இதன் பொருள் வேறு. திருமணமான ஒவ்வோர் ஆணும் கோயிலில் ஒரு புள்ளி. அந்தக் குடும்பம் அப்புள்ளியாகத்தான் ஊரில் எண்ணப்படும். வாரிசு இல்லையென்றால் அந்தப் புள்ளி அவனோடு நின்றுபோகும். அப்படி நின்றுவிடாமலிருக்கப் பங்காளி வீட்டில் ஒரு பையனைக் கேட்டு வாங்கி, சடங்கு செய்து தம் பிள்ளையாக்கிக்கொள்வது எங்களுக்குள் நெடுங்கால வழக்கம். பிள்ளை கூட்டுவது என்போம். இதில் இழிவு எதுவும் இல்லை. என் பாட்டனாரே அப்படிக் கூட்டப்பட்டவர்தான்.

திருமண வீடுகளுக்குப் போவது எனக்கு மெல்ல மெல்லக் கடினமாயிற்று. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் பருப்பைப் பற்றிப் பேசுவார். பாயசம் வருவதற்குள் என் மகனைப் பற்றிக் கேட்டுவிடுவார். ஒருமுறை ஒருவர் என் காதருகே குனிந்து மதுரையில் ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னார். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

சென்னையில் அவர்கள் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சோதனைக்குழாய் முறையில் ஒரு தடவை முயன்றதையும், அது தங்கவில்லை என்பதையும் என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். மகன் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த முதல் முயற்சியைத் தங்கள் கைப்பொருளில் செய்திருந்தார்கள். மருமகளின் நிறுவனம் தன் ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் கருத்தரிப்புச் சிகிச்சையையும் புதிதாகச் சேர்த்ததும், அதைக் கொண்டு இரண்டாவது முயற்சிக்கு அவள் முன் அனுமதி வாங்கியிருந்ததும் எனக்குத் தெரியாது. பெரும்பாலான பாலிசிகளில் இந்தச் சிகிச்சைக்கு இடமே இல்லை என்பது மட்டும் நான் அறிந்தது.

அந்தப் பங்குனியில்தான் பிள்ளை கூட்டும் பேச்சை எடுத்தேன். கல்லலில் இருக்கும் என் பங்காளி ஒருவருக்கு மூன்று ஆண் மக்கள். கடைசிப் பையனுக்கு அப்போது மூன்று வயது. பங்காளி என்னை அண்ணன் என்றே அழைப்பவர். என் சொல்லைத் தட்டாதவர். அவர் மனைவி ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தாள். மகனைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னேன். "பாப்போம் அப்பச்சி. உங்களுக்குச் சரின்னு பட்டதைச் செய்ங்க" என்றான். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். மகனும் மருமகளும் வந்து மணையில் உட்கார வேண்டும் என்பதால் சடங்கை ஆவணியில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அதுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி எங்கள் குடும்பத்துடையது. அன்று வீட்டின் மூத்த ஆணுக்குப் பரிவட்டம் கட்டி, பிறகு மகனுக்கும் அவன் மகனுக்கும் கட்டுவார்கள். எனக்குக் கட்டிய பிறகு குருக்கள் அடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பதும், வேலையால் மகன் வரவில்லை என்று நான் சொல்வதும், துணி தட்டுக்குத் திரும்பிப் போவதும் சில ஆண்டுகளாக நடந்து வந்தன. அந்த ஆண்டு கல்லல் குடும்பமும் வந்திருந்தது. குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தப் பையனைத் தூக்கி முன்னால் நிறுத்தி, "என் பேரன்" என்றேன். பரிவட்டம் அவன் புருவம் வரை இறங்கிவிட்டது. யாரோ கைபேசியில் அதை எடுத்து ஊர்க் குழுவில் போட்டார்கள். மறுநாள் வரை வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டினேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் முற்பகல் ஓர் இளைஞர் வந்தார். மருமகளின் நிறுவனக் காப்பீடு தொடர்பாக, நிரந்தர முகவரியில் விசாரித்துப் போகச் சொல்லியிருப்பதாகவும், வழக்கமான விசாரணைதான் என்றும் சொன்னார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாள் வாங்க வந்து அங்கேயே அமர்ந்திருந்தார். நான் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்று சொன்னதும் இளைஞர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். உச்ச நல்லெண்ணம் பற்றிச் சிறிது விளக்கினேன். பிறகு அவர் தம் கேள்விகளைக் கேட்டார். திருமணமாகி எத்தனை ஆண்டு, முன்பு ஏதேனும் நோய் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "புள்ளைக எத்தனைங்கய்யா?" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"ஒரு பையன்" என்றேன்.

சுவரில் இருந்த படத்தையும் காட்டினேன். அதைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குடும்பத்தாரைப் பாலிசியில் சேர்ப்பதற்கான விசாரணை என்றே நினைத்தேன். ஆவணியில் எப்படியும் சேரப் போகிறவன்தானே என்றும் நினைத்திருக்கலாம். இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் எழுதியதை முழுதும் படித்துப் பார்த்து, ஓரிடத்தில் பிழை திருத்தி, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்துக் கையொப்பமிட்டேன்.

என் மருமகள் அதுவரை என்னை நேராகத் தொலைபேசியில் அழைத்ததில்லை. மகன் பேசிவிட்டுக் கடைசியில் அவளிடம் கொடுப்பான். சௌக்கியமா என்று கேட்டுவிட்டு என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். சித்திரை முடியும் தறுவாயில் அவளே அழைத்தாள். குரலில் பதற்றம் இல்லை. அலுவலகத்தில் யாரிடமோ விவரம் கேட்பது போலக் கேட்டாள்.

"மாமா, நம்ம வீட்டுக்கு இன்சூரன்ஸ்ல இருந்து யாராச்சும் வந்தாகளா?"

வந்தார் என்றேன்.

"எங்களுக்கு ஒரு பையன் இருக்கான்னு எழுதிக் குடுத்திருக்கீகளாம். போட்டோவும் இருக்குன்னு சொல்றாக. யாரு மாமா அந்தப் பையன்?"

அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகன் சொல்லவில்லை. ஊர்க் குழுவிலிருந்து அவள் எப்போதோ விலகியிருந்தாள். அங்கே கேட்கப்படும் கேள்விகள்தாம் காரணம் என்று பின்னர் அறிந்தேன். நான் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

என் மனைவி பேசி முடித்துவிட்டு வந்து சொன்ன விவரம் இது. அந்தக் காப்பீட்டில் கருத்தரிப்புச் சிகிச்சை பிள்ளை இல்லாத தம்பதிகளுக்கு மட்டுமே; பெற்ற பிள்ளையானாலும் தத்தெடுத்த பிள்ளையானாலும் ஒன்று இருந்தால் இடமில்லை. பிள்ளை இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு பையன் இருக்கிறான் என்று மாமனார் எழுதிக் கொடுத்திருக்கிறார். முன் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். ஊசிகள் தொடங்க வேண்டிய நாள் குறித்தாகிவிட்டிருந்தது. அவள் வயதுக்கு இந்த ஆண்டைத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். சொல்லி முடித்துவிட்டு என் மனைவி சுவரிலிருந்த படத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோனாள்.

அந்த வார இறுதியில் இருவரும் வந்தார்கள். சிகிச்சைச் செலவை நானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். ஓய்வூதியத்தில் நான் சேர்த்து வைத்தது அதற்குப் போதும். மருமகள்தான் பதில் சொன்னாள்.

"உண்மையை மறைச்சுட்டேன்னு எங்க ஆபீசுக்கு எழுதியாச்சு மாமா. இனி என்னையக் கூப்பிட்டுக் கேப்பாக. பணம் குடுத்தா அது மாறிருமா?"

மாறாது என்பது அந்த வீட்டில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. மறைத்தவன் என்ற பெயர் ஒரு பாலிசியோடு போவதில்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

மறுபரிசீலனைக்கு மனுச் செய்யலாம் என்று காப்பீட்டு நிறுவனம் தெரிவித்திருந்தது. மகன் அந்த மின்னஞ்சலை எனக்குப் படித்துக் காட்டினான். தத்துச் சடங்கு நடைபெறவில்லை என்று கோயிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். முன்பு சொன்னதைத் திருத்தி நான் ஒரு வாக்குமூலம் தர வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி: தத்துக்கு மனைவியின், அதாவது என் மருமகளின், சம்மதம் பெறப்பட்டதா? மனைவியின் சம்மதம் இல்லாத தத்து சட்டப்படி செல்லாது. எனவே அதற்கு ‘இல்லை’ என்பது விடையானால் அந்தப் பையன் அவர்கள் பிள்ளை அல்ல என்பது நிலைபெற்றுவிடும். நான் விளக்கத் தொடங்கினேன். மருமகள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

கோயிலில் கடிதம் வாங்குவதென்றால் பங்காளிகள் கூடிய இடத்தில் போய்க் கேட்க வேண்டும். இரண்டு வாரம் நான் போகவில்லை. முதல் வாரம் அமாவாசையைக் காரணம் சொன்னேன். அடுத்த வாரம் முழங்கால் வலியை. மகன் தினமும் அழைத்தான். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டான். குறித்து வைத்திருந்த ஊசித் தேதி அதற்குள் கடந்துபோனது. பெண்களின் உடம்புக்கு அடுத்த தேதி வர எத்தனை நாளாகும் என்பதை என் மனைவி எனக்குச் சொன்ன விதத்தை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் காலை வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அப்போது காரியக்காரராக இருந்தவர் என்னைவிட இளையவர். என் காலத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் பேச்சை இடைமறித்துத் திருத்தியிருக்கிறேன். கல்லல் பங்காளியும் வந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். நான் நின்றுகொண்டே பேசினேன். சடங்கு நடக்கவில்லை, மருமகளின் சம்மதம் பெறப்படவில்லை, பையன் இன்றுவரை அவன் தகப்பனார் புள்ளியில்தான் இருக்கிறான், அதை எழுதித் தர வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். காப்பீட்டுக்கு என்றேன். எந்தச் சிகிச்சைக்கு என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சொற்களை அந்த இடத்தில் நான் உரக்கச் சொன்னது அதுவே முதல் முறை.

காரியக்காரர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப பரிவட்டம் கட்டுனது யாருக்குண்ணே? பேரனுக்கா, பக்கத்துல நின்ன பிள்ளைக்கா?"

"பக்கத்துல நின்ன பிள்ளைக்கு" என்றேன்.

பின்வரிசையில் ஒருவர், அடுத்த மண்டகப்படிக்கு நாங்களும் ஆளுக்கொரு பேரனைக் கூட்டிவருகிறோம் என்று சொல்ல, சிலர் சிரித்தார்கள். கல்லல் பங்காளி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ண்ணே. எங்க வீட்டுல அவ பையனுக்குச் சொல்லிக் குடுத்துட்டா. உங்களைத் தாத்தா முறையில ஐயான்னு கூப்பிடச் சொல்லி. அதை மறக்க வைக்கத்தான் கொஞ்ச நாளாகும்."

கடிதம் கிடைத்தது. அதில், மனைவியின் சம்மதம் இல்லாததால் தத்து நடைபெறவில்லை என்று எழுதியிருந்தார்கள். காப்பீட்டுக்கு அது போதும் என்பதால் நான் அந்த வாசகத்தில் கை வைக்கவில்லை. எழுதியவர்களிடம் திருத்தம் சொல்லும் நிலையிலும் அன்று நான் இல்லை. என் வாக்குமூலத்தை நானே எழுதினேன். முன்பு கூறியது தவறு. அச்சிறுவன் என் மகனுக்கோ மருமகளுக்கோ பிள்ளையல்ல. கூறியவன் நான், என் மருமகளுக்கு அதில் பங்கில்லை. இம்முறை பட்டத்தைச் சேர்க்கவில்லை. மறுவாரம் கல்லலிலிருந்து ஒரு பை வந்தது. பையனுக்கு நாங்கள் கொடுத்த வெள்ளி அரைஞாணும் பட்டுச் சட்டையும் அதில் இருந்தன. சட்டை துவைத்து மடிக்கப்பட்டிருந்தது.

மருமகள் அந்தக் கடிதங்களை வாங்கிக்கொள்ள வந்தபோது கோயில் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மகன் வண்டியில் பை வைத்துக்கொண்டிருந்தான். நான் முன்கூடத்தில் படம் இருந்த சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் வந்து நின்றாள்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ, சரின்னு சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியலை மாமா. அந்தப் பையன் அழகாத்தான் இருக்கான்." கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "கேட்டிருந்தீகன்னாத் தெரிஞ்சிருக்கும்."



முன் அனுமதி திரும்பக் கிடைத்தது. அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் வாக்குமூலத்தைக் காட்டினாள். அதோடு விட்டுவிட்டார்கள் என்று மகன் சொன்னான். ஆடியில் ஊசிகள் தொடங்கின. முந்தைய முறையைவிடக் குறைவான கருமுட்டைகளே கிடைத்தன. தேதி தள்ளிப்போனதால்தானா என்று என் மனைவி டாக்டரிடமே கேட்டுவிட்டாளாம். அப்படிச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அப்படி இல்லை என்று அவர் சொல்லவில்லை. கரு வைத்தார்கள். அது தங்கவில்லை. பாலிசியில் இன்னும் ஒரு முயற்சிக்கு இடம் இருக்கிறது. அதைச் செய்யப் போகிறார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை; இம்முறை கேட்க வேண்டியவன் நான் அல்ல என்பதால்.

அடுத்த பங்குனி மண்டகப்படிக்கு நான் போனேன். போகாமலிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு எழும். எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். குருக்கள் அடுத்த துணியை எடுக்கவே இல்லை. கல்லல் குடும்பம் கூட்டத்தின் மறுபக்கம் நின்றது. பையன் வளர்ந்திருந்தான். தகப்பனார் தோளிலிருந்து என்னைப் பார்த்தான். யாரென்று தெரியாதவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கோயில் கடிதத்தின் வாசகம் ஊருக்குள் பரவிவிட்டது. படித்த மருமகள், சென்னையில் இருப்பவள், ஊர்ப் பிள்ளையைக் கூட்டிக்கொள்ள மனமில்லாதவள். மாமனார் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகும் முடியாது என்று சொல்லி அந்த மனிதரைச் சபையில் நிற்க வைத்துவிட்டாள் என்று பேசுகிறார்கள். என்மேல் அனுதாபத்தோடு பேசுகிறார்கள். போன மாதம் ஒரு திருமணப் பந்தியில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்; பக்கத்திலிருந்தவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அது உண்மையன்று. என் மருமகள் அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை.